பங்கிட்ட சொட்டு மருந்து

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. இப்போது ஞாபகமும் தவறுகிறது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் கழலை வந்தவர்களும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மாம்பலம் ஏரியைத் தூர்த்து வீடு கட்டிக்கொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் அங்கே கொத்து வேலை. அடையாற்றங்கரையில் ஒரே வீட்டில் இருந்தோம். மாமியார், மூத்த மருமகள் கன்னியம்மா, சின்னவள் நான்.

முதலில் கழுத்தோடு ஒட்டிப் போட்டிருந்த பாசிமணி இறுக்கியது. நூலை நீட்டிக் கட்டினேன். இரண்டு மாதத்தில் அதுவும் இறுக்கியது. கன்னியம்மாவுக்கோ கல்யாணத்துக்கு முன்பிருந்தே கழுத்தில் கட்டி உண்டு. அவள் அதற்கு வைத்தியமே பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, விழுங்கும்போது கழுத்தையே பார்த்தார். தைராய்டு (தொண்டைக்கு முன்னால் இருக்கும் சுரப்பி) வீங்கியிருக்கிறது என்றார். அயோடின் (கடல்பாசியிலும் மீனிலும் துளியூண்டு இருக்கும் தாதுச் சத்து) சேர்ந்த பழுப்பு நிற மருந்தைக் கொடுத்தார்.

“பால்ல மூணு சொட்டு. உனக்கு மட்டும்தான். வேற யாருக்கும் குடுக்கக் கூடாது, தெரிஞ்சுதா?”

தலையாட்டினேன்.

என் மாமியார் நியாயஸ்தர். ஒரு முழம் மல்லி வாங்கினாலும் சரிபாதியாக அறுத்து இருவருக்கும் கொடுப்பார். சீசாவைப் பார்த்ததும் கன்னியம்மா சிரித்தாள்.

“இன்னாமே, உன் கழுத்து மட்டும் வத்தணும், என்னுது பூசணிக்காயாட்டம் தொங்கிக்கினு கெடக்கணுமா?”

“அவ ஏன் அப்டி நெனைக்கிறா? ரெண்டு பேருக்கும் ஒரே நோவு. ஒருத்திக்குக் குடுத்து ஒருத்திக்கு இல்லேன்னு நான் என்னிக்கும் செஞ்சதில்ல” என்று மாமியார் காலி விளக்கெண்ணெய் சீசாவைக் கழுவி, பாதியை ஊற்றினார்.

டாக்டரம்மா சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். சுயநலக்காரி என்பார்களே என்று கூசியது. சொல்லவில்லை. மருந்து தீர்ந்ததும் நானே போய் மறுபடி வாங்கி வந்தேன். அதையும் பங்கிட்டார். அப்போதும் சொல்லவில்லை.

எனக்கு வீக்கம் வற்றியது. அவளுக்கு முதலில் சுறுசுறுப்பு வந்தது. நாலு குடம் தண்ணீரை ஒரே மூச்சில் கொண்டுவந்தாள். எல்லோருக்கும் சந்தோஷம்தான். பிறகு ஓயாத பசி. தின்னத் தின்ன இளைத்தாள்.

“வயித்துல இன்னா வச்சிகினு கீற? ரெண்டு ஆள் சோத்தத் துன்னுட்டு தொடப்பக்குச்சியாட்டம் நிக்கிறியே!” என்று மாமியார் கேலி செய்தார்.

“நல்லா கேளு அத்தே! ஒன் புள்ளையும் அதான் கேக்குறாரு” என்று அவளும் சிரித்தாள்.

மார்கழிக் குளிரில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கிப் பூத்தொடுக்க முடியவில்லை. கழுத்தில் நாடி துள்ளுவது தள்ளி நின்றாலே தெரிந்தது. அப்புறம்தான் தூக்கிக்கொண்டு போனோம்.

“என்ன மருந்து குடிச்சே?” என்றார் அதே டாக்டரம்மா.

“அவளுதுல பாதி” என்றாள் கன்னியம்மா, கள்ளமில்லாமல்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். “உனக்குச் சத்து கொறஞ்சு வீங்கிச்சு. இவளுக்கு இருக்கறது கட்டி. அயோடின் கெடச்சதும் அது அடங்காம சுரக்குது, இதயம் தாங்கல. யாருக்கும் குடுக்காதேன்னு அன்னைக்கே சொன்னேனே?”

மாமியார் என் பக்கம் திரும்பினார். “சொன்னாங்களா சின்னவளே?”

“ஞாபகம் இல்ல அத்தே” என்றேன்.

பதினோராம் நாள் கன்னியம்மா போய்விட்டாள்.

வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சில மாதம் கழித்து மாமியார் பூ வாங்கினார். அறுக்காமல் முழு முழத்தையும் என்னிடம் நீட்டினார். அந்த நாளிலிருந்து நான் பூ வைப்பதில்லை.

என் கழுத்து இன்று சமமாக இருக்கிறது. பாசிமணி தொளதொளவென்று தொங்குகிறது. ஆனால் தண்ணீர் விழுங்கும்போதெல்லாம் கை தானாகத் தொண்டைக்குப் போகிறது. வருஷங்கள் போனதாகவே தெரியவில்லை. இன்னும் டாக்டரம்மா முன்னால் தலையாட்டிக்கொண்டு நிற்பதாகவே இருக்கிறது.

டாக்டருக்குப் படித்தவர்கள் யாராவது நான் எழுதியதைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். மருந்து இல்லாவிட்டாலும் அவளுக்கு அப்படி ஆகியிருக்குமா? மூன்று சொட்டா, ஐந்து சொட்டா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று அவர் சொன்னதில் சந்தேகம் இல்லை.