அண்ணனின் வண்டிக்கு ரிவர்ஸ் இல்லை

அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஒரு வருடம் நிறைகிறது. இன்றைய ஜெபக்கூட்டத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் அண்ணனின் ஒரே தங்கையான நான் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். இதை எழுதும் பொறுப்பை அண்ணனின் மகன் துபாயிலிருந்து போன் செய்து என் தலையில் கட்டினான். "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க அத்தை" என்றான். நல்லதாகத்தான் எழுதுவேன். நாலு வார்த்தையில் நிற்காது என்பது அவனுக்கும் தெரியும்.

அண்ணன் பிறந்தது குன்னத்துகாலில். வீட்டுக்குப் பின்னால் நடந்தால் தமிழ்நாடு, முன்னால் நடந்தால் கேரளம் என்பார்கள். எங்கள் காலுக்கு இரண்டும் ஒரே சேறுதான். அப்பா ரப்பர் பால் வெட்டினார். அண்ணன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது அப்பா காலமானார். அம்மாவும் நானும் அழுதுகொண்டிருக்க, அண்ணன் தன் பள்ளிக்கூடப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனார். அந்தப் பையைச் சுமந்துதான் நான் படித்தேன். இன்று பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியையாகப் பிள்ளைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். அண்ணனைத் திருத்த மட்டும் கடைசிவரை முடியவில்லை.

இம்மாதிரி மலர்களில் இறந்தவரைப் பொறுமையின் இருப்பிடம் என்று எழுதுவது வழக்கம். அண்ணனுக்குப் பொறுமையே கிடையாது. சாயா ஆறும்வரை காத்திருக்கமாட்டார். நாக்கைச் சுட்டுக்கொண்டு, சாயா போட்டவரை முறைப்பார். ஆனால் கை தாராளம். ஊரில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் பாத்திரமும் நாற்காலியும் அண்ணனின் வண்டியில்தான் போகும். அண்ணன் பொய் சொல்லமாட்டார் என்பதும் ஊரறிந்த சங்கதி. போன வருடம்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பலருடைய லாரிகளை ஓட்டித் தேய்ந்த பிறகு அண்ணன் சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வாங்கினார். தோட்டங்களிலிருந்து ஏத்தன் வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் ஏற்றி நெய்யாற்றின்கரை சந்தைக்குக் கொண்டுபோவது தொழில். காரக்கோணத்தில் பிறந்த அண்ணி முன் இருக்கையில் ஏறிக் கூடவே போவார். அண்ணன் ஓட்டுவார், அண்ணி பேசுவார். தோட்டக்காரரிடம் விலை பேசுவது, பிள்ளைகள் படிப்பை விசாரிப்பது, யாருக்கு எங்கே பெண் இருக்கிறது என்று சொல்வது எல்லாம் அண்ணிதான். அண்ணன் வாயைத் திறக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

அந்த அண்ணி நோயில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்து மகனும் துபாய்க்குத் திரும்பினான். அதோடு அண்ணனின் பேச்சு நின்றுபோயிற்று. தோட்டத்துக்குப் போவார், குலை ஏற்றுவார், தலையை ஆட்டுவார், வந்துவிடுவார். சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறுமுன் எழுந்து போய்விடுவார். நான் போன் செய்தால் "உம்" என்பார். நான் போய்ப் பார்த்தால் சட்டியில் கஞ்சி அப்படியே இருக்கும். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அண்ணி போன வழியில் இவரும் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறார், ஒரு நாள் எழுந்திருக்காமலே இருந்துவிடுவார் என்று என் மனம் அடித்துக்கொண்டே இருந்தது. ஜெபித்தேன், சண்டை போட்டேன், மீன்குழம்பு கொண்டுபோய் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அவரைத் திருப்பிக் கொண்டுவந்தது ஒரு கியர் பாக்ஸ்.

அது ஒரு மழைக்காலம். செல்லையன் மாமாவின் வாழைத்தோட்டம் ஒரு ஒடுங்கிய இடவழியின் முடிவில் இருக்கிறது. வண்டி மூக்கை நீட்டி உள்ளே போனால் பின்னாலேயேதான் வரவேண்டும், திருப்ப இடம் இல்லை. அன்று குலைகளை ஏற்றி முடித்து அண்ணன் ரிவர்ஸ் போட்டிருக்கிறார். கியர் விழவில்லை. மறுபடி போட்டால் கரகரவென்று சத்தம்தான் வந்ததாம். மழை தூறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு அண்ணன் இறங்கி, மாமா வீட்டு வாசலில் போய் நின்று, "மாமா, இச்சிரி தள்ளணும்" என்றாராம். பல மாதங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம் அதுதான் என்று மாமா பிறகு என்னிடம் சொன்னார்.

மாமா வந்தார், மாமாவின் வீட்டுக்காரி வந்தார், பக்கத்து வீட்டில் தையல் தைக்கும் லீலா மிஷினை நிறுத்திவிட்டு வந்தாள், வழியில் போன இரண்டு பேர் குடையை மடக்கினார்கள். எல்லோரும் சேர்ந்து வண்டியின் முகத்தில் கைவைத்து, சேற்றில் வழுக்கி, சிரித்து, ஏசி, ஒருவழியாக ரோடு வரை பின்னால் தள்ளினார்கள். பிறகு இவ்வளவு நனைந்தவரைச் சும்மா விடக்கூடாது என்று பிடித்து உட்காரவைத்துச் சாயாவும் அவித்த கிழங்கும் கொடுத்திருக்கிறார்கள். அன்று சாயங்காலம் என் போன் அடித்தது. "மக்கா, எனக்க வண்டிக்கு ரிவர்ஸ் போச்சு கேட்டியா" என்றார் அண்ணன். துக்கச் செய்தியை இவ்வளவு உற்சாகமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நான் போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன்.

அமரவிளையில் பினு என்று ஒரு மெக்கானிக் இருக்கிறான். அண்ணனின் வண்டிக்கு அவன்தான் வைத்தியன். கியர் பாக்ஸிலிருந்து ஆயிலை வடித்தபோது அதில் வெள்ளிப்பொடி போல ஏதோ மினுங்கியதாம். உடைந்த பல்லின் தூள். ரிவர்ஸுக்கு என்று உள்ளே ஒரு குட்டிச் சக்கரம் உண்டு, அதில் சில பற்கள் போய்விட்டன என்றான் பினு. முன்னால் போகும் கியர்களுக்கு ஒரு கேடும் இல்லை. புதுச் சக்கரம் கிடைக்கவில்லை. மார்த்தாண்டத்தில் பழைய சாமான் கடையில் தேடி அண்ணன் ஒன்று வாங்கிவந்தார். பார்க்க அதே மாதிரி இருந்தது, பல் மட்டும் பொருந்தவில்லை. "வேற கிடைக்கும்வரை இப்படியே ஓட்டுங்க, முன்னால போகத் தடையில்ல" என்று பினு பெட்டியை மூடிவிட்டான்.

அதிலிருந்து அண்ணனின் நாட்கள் முன்னால் மட்டுமே போகிற நாட்களாக ஆயின. எந்தத் தோட்டத்துக்குள் நுழைந்து எந்த ரோட்டில் வெளியேறலாம் என்று அவர் மனதில் ஒரு பாதை உண்டாயிற்று. ரப்பர் மரங்களுக்கு நடுவே, குளக்கரை ஓரமாக, சர்ச்சைச் சுற்றி, ஒரு பெரிய வட்டமாக அவர் போய்க்கொண்டே இருந்தார். சுற்றிவர வழியில்லாத தோட்டங்களும் இருந்தன. அங்கெல்லாம் முதலில் வெறும் வண்டியைத் தள்ளித் திருப்பி வைத்துக்கொண்டு அப்புறம் குலை ஏற்றுவது என்று ஒரு வழக்கம் வந்தது. ஹாரன் சத்தம் கேட்டால் போதும், வீடுகளிலிருந்து ஆட்கள் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வருவார்கள். தமிழில் ஒருவர் "தள்ளு" என்பார், மலையாளத்தில் ஒருவர் திட்டுவார், வண்டி நகரும். பிறகு சாயா, பிறகு பேச்சு. அண்ணி பேசிய பேச்சையெல்லாம் இப்போது அண்ணனே பேசவேண்டியதாயிற்று. யார் மகளுக்கு எங்கே வரன் இருக்கிறது என்று அவர் சொன்னதாகக் கேள்விப்பட்டபோது நான் நம்பவே இல்லை.

ஒரு கோடை விடுமுறையில் நான் அவரோடு போனேன். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பனி இன்னும் மரங்களுக்குள் நின்றது. ஒரு தோட்டத்து வாசலில் அண்ணன் எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்கு வெளியே முகங்கள் வரிசையாக வந்து குனிந்தன. வண்டி அசைந்தது. ஒரு சத்தமும் இல்லை. மரங்கள் எங்கள் இரு பக்கமும் மெதுவாக முன்னோக்கிப் போயின, ஒரு கோழி போயிற்று, ஒரு கிணறு போயிற்று, துணி காயும் கொடி ஒன்று போயிற்று. எனக்குத் தூக்கத்தில் இருப்பதுபோல் இருந்தது. அண்ணன் தாழ்ந்த குரலில் பேசினார்.

"கேக்குதா மக்கா? ஒண்ணும் கேக்கல்ல இல்லியா? ஆத்துத் தண்ணியில வள்ளத்தில இருக்கது போல ஆக்கும். நான் ஒண்ணும் செய்யல்ல. சும்மா இருக்கேன். அவங்க கொண்டு போறாங்க."

சற்று நேரம் கழித்து, "உனக்க அண்ணி இருந்தப்பம் எனக்கு இப்படித்தான் இருந்தது" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரோ உடனே வழக்கமான குரலுக்கு வந்துவிட்டார். "லீலாவைப் பாரு. முகத்தில மட்டும் முக்குதா, கை சும்மா இருக்கு. எனக்குத் தெரியாதா?" லீலா வெளியிலிருந்து, "என்னத்தைச் சொல்லுதீங்க உள்ள இருந்து?" என்று கேட்டாள். "நீ நல்லா தள்ளுதேன்னு சொன்னேன்" என்றார் அண்ணன்.

அவர் முகத்தில் சதை பிடித்தது. கஞ்சி மிஞ்சவில்லை. சபையில் நடு வரிசைக்கு வந்தார். எனக்கு நிம்மதி வந்ததும் கூடவே கோபமும் வந்தது, என் குணம் அப்படி. "ஊர்க்காரங்க முதுகை ஒடிக்கதுக்கா வண்டி வச்சிருக்கீங்க? ஒரு பல் சக்கரம் இந்த உலகத்தில கிடைக்காதா அண்ணா?" என்று போகும்போதெல்லாம் கேட்பேன். "வரும் மக்கா, வரும். பினு சொல்லியிருக்கான்" என்பார். சாயாவுக்குப் பொறுக்காத மனிதர் ஒரு சக்கரத்துக்கு மட்டும் இப்படிக் காத்திருக்கிறாரே என்று நான் ஆச்சரியப்பட்டிருக்கவேண்டும். படவில்லை.

சென்ற வருடம் ஒரு மாலை, சந்தையிலிருந்து திரும்பிய அண்ணன் வண்டியை நேராக வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். எப்போதும் முற்றத்துப் பிலாமரத்தைச் சுற்றி ரோட்டைப் பார்த்து நிறுத்துகிறவர் அன்று அப்படிச் செய்யவில்லை. இறங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். அக்கம்பக்கத்தார் ஓடிவந்து காரில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் அண்ணன் அமைதியாகக் கண்ணை மூடினார். அன்று அவரைப் பார்க்க வந்திருந்த நான் காரில் பக்கத்தில் இருந்தேன். வலிக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையசைத்தார்.

மறுநாள் காலை அண்ணனின் உடல் வீட்டுக்கு வரவேண்டும். பந்தல் போட வந்தவர்கள் பிலாவைச் சுற்றிக் கால்களை நட்டுவிட்டார்கள். வாசலை அடைத்துக்கொண்டு வண்டி நின்றது. அதைப் பின்னால் எடுத்தால்தான் பெட்டியை வைக்க இடம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. செல்லையன் மாமா போய் வண்டியின் முகத்தில் கை வைத்தார். லீலா வைத்தாள். குன்னத்துகாலிலிருந்தும் காரக்கோணத்திலிருந்தும் வந்திருந்த தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ஸ்டியரிங் பிடிக்கப் பினு ஏறினான்.

அவன் கியர் கம்பியில் கை வைத்தான், எடுத்தான். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, எல்லாரையும் இச்சிரி மாறி நிக்கச் சொல்லுங்க" என்றான். எஞ்சினை ஸ்டார்ட் செய்தான். கியரைப் போட்டான். ஒரு கரகரப்பும் இல்லாமல் வண்டி தானாகப் பின்னால் நகர்ந்தது. நீட்டிய கைகள் அப்படியே நிற்க, அவற்றை விட்டு விலகிப் போயிற்று. இரண்டடி போனதும் பினு பிரேக்கை மிதித்துவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"போன வருசம் ஆர்டிஓ டெஸ்டுக்குக் கொண்டுபோகணும்னு சரி பண்ணினதாக்கும் அக்கா. நல்ல சக்கரம் கிடைச்சுது. யாருகிட்டயும் சொல்லாண்டாம்னு சொல்லிப்போட்டாரு. சத்தியம் வாங்கிட்டாரு. ரிவர்ஸ் நல்லா விழுதான்னு பின்ன ஒருநாள் கேட்டேன். போட்டுப் பாக்கல்லன்னு சொன்னாரு."

முற்றத்தில் நின்றவர்கள் கையை இறக்கினார்கள். போன மழையிலும் சேற்றில் வழுக்கி விழுந்து தள்ளியவர்கள் அவர்கள். செல்லையன் மாமாவுக்கு முழங்கால் வலி வேறு. மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏமாத்திப்போட்டானே பயல்" என்றார். சொல்லும்போதே சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. பிறகு கன்னத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியருகே போய்ப் பானெட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "எலே பினு, எஞ்சினை அணை. நாங்க தள்ளுதோம்."

பினு அணைத்தான். எல்லோரும் மறுபடி கை வைத்தார்கள். நானும் வைத்தேன். வண்டி சத்தமில்லாமல் முற்றத்தைத் தாண்டி ரோடு வரை போயிற்று.

அண்ணனின் மகனிடம் இதைச் சொன்னபோது அவன் கூசிப்போனான். "இதை மலரில போடாண்டாம் அத்தை. அப்பா ஊரையே ஏமாத்தினாருன்னு ஆகும். எழுதித்தான் ஆகணும்னா அப்பாவுக்காக ஒரு மன்னிப்புக் கேட்டிருங்க" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பல நாள் யோசித்தேன். என்னால் முடியாது. சக்கரம் கிடைத்த அன்றே அண்ணன் ஊரில் சொல்லியிருந்தால், அவர் தனியாக வந்து, தனியாகக் குலை ஏற்றி, தனியாகப் பின்னால் எடுத்துக்கொண்டு போயிருப்பார். வீட்டில் கஞ்சி ஆறிக் கிடந்திருக்கும். இந்த மலர் உங்கள் கைக்கு இன்னும் முன்னதாகவே வந்திருக்கும்.

அண்ணனின் கடைசி நேரத்திலும் அடக்கத்திலும் உதவிய சபையாருக்கும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்ற அயல்வாசிகளுக்கும், தூரத்திலிருந்து வந்த சொந்தங்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். வண்டியைத் தள்ளியவர்களே, உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. போய்க்கொண்டிருந்த எங்கள் அண்ணனைப் பிடித்து நிறுத்தி, இன்னும் கொஞ்ச காலம் எங்களுக்கு வைத்திருந்து தந்தவர்கள் நீங்கள். உங்கள் எல்லோருக்கும் நன்றி.