மே மாதத்தில் மட்டும் வரும் மாப்பிள்ளை வீட்டார்

ஐப்பசி மழையில், துணி காயாமல் வீடே ஈர நாய் மாதிரி நாறும்போது, எங்கள் சுருளிச் சித்தியைப் பெண் பார்க்க ஒரு பயலும் மலையேறி வந்ததில்லை. மார்கழியில் வந்ததில்லை. பங்குனியில் பரீட்சை நடக்கும், அப்போதும் இல்லை. மே மாதம் பிறந்ததும்தான் தமிழ்நாட்டு மாப்பிள்ளைகளின் அம்மாக்களுக்கு எல்லாம் திடீரென்று சித்தியின் ஜாதகம் பிடித்துப்போகும். கொடைக்கானலில் அறை கிடைக்காத மாதம் அது. பெண் வீட்டில் தங்கினால் அறை வேண்டாம், சோறும் வந்துவிடும்.

போன வருடம் தேவகோட்டைக்காரர்கள் வந்தார்கள். ஏரியில் படகு விட்டார்கள், தூண் பாறையில் போட்டோ எடுத்தார்கள், பெண் கொஞ்சம் உயரம் என்றார்கள். அதற்கு முந்தின வருடம் வந்தவர்கள் உயரம் பத்தாது என்றார்கள். சித்தி ஒரே சித்திதான், அவள் நடுவில் சுருங்கவும் இல்லை, வளரவும் இல்லை.

சித்தி என் அம்மாவின் தங்கை. வயது முப்பத்திரண்டு, தரகரிடம் சொல்வது இருபத்தெட்டு. ஏரிக்கு மேலே ஒரு லாட்ஜில் ரூம் துடைக்கிற வேலை. அவள் சோறு சாப்பிடும்போது பக்கத்தில் உட்காரக் கூடாது. அன்றைக்கு எந்த அறையில் என்ன கிடந்தது என்று சாம்பார் ஊற்றிக்கொண்டே சொல்வாள். தலையணைக்குள் செருகி வைத்த கோழி எலும்பு. டீவிக்குப் பின்னால் ஒட்டிய சுவிங்கம். வாஷ் பேசினில் கரைத்த ரசம், அதற்கு மேல் மிதக்கிற முடி. கைத்துண்டில் துடைத்த குழந்தைப் பீ, அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டுப் போன நாகரிகம்.

"மடிச்சு வச்சிருந்தாகடா மருது. நாலா மடிச்சு. நல்ல குடும்பம் போல" என்பாள்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன். ஏரிக்கரையில் வாடகை சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கிறேன். பிரேக் இல்லாத சைக்கிளை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் என்னிடம் இருக்கிறது. நானே ஊரிலுள்ள அசிங்கத்தைப் பாதி பார்த்தவன்தான். ஆனாலும் சித்தி சொல்வதைக் கேட்டால் எனக்குச் சோறு இறங்காது. அவள் மட்டும் இரண்டாம் தரம் மோர் ஊற்றிச் சாப்பிடுவாள்.

இந்த வருடம் வந்தது விருதுநகர் இடம். மாப்பிள்ளை பெயர் குணாளன், எண்ணெய் மில்லில் வேலை. மாசி மாதம் தரகர் போட்டோ கொண்டுவந்தார். காதுகள் கொஞ்சம் பெரிசு, மற்றபடி குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு தடவை போனில் பேசினான். "அங்க ரொம்பக் குளிருமாங்க?" என்று கேட்டானாம். சித்தி அதை அம்மாவிடம் சொன்னாள், என்னிடம் சொன்னாள், பால்காரரிடம் கூடச் சொல்லியிருப்பாள். இரண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அதற்குமுன் வந்த ஒருத்தனும் அவளிடம் எதையும் கேட்டதில்லை, கேட்டதெல்லாம் அம்மாவிடம்தான். அதனால் அவளுக்கு இந்த இடம் அமைய வேண்டும் என்று ஆசை இருந்தது. பூனைக்கு அள்ளிப் போடுகிற சோற்றிலேயே அது தெரிந்தது, வழக்கமாக அதட்டித்தான் போடுவாள்.

மூன்று நாள் லீவு கேட்டாள். லாட்ஜ் மேனேஜர் தங்கப்பன் தலையைத் தூக்காமலே சொன்னார்: "மே மாசத்துல லீவு எடுக்குறவ ஜூன் மாசமும் வர வேண்டாம்."

"பொண்ணு பாக்க வர்றாக சார்."

"வரட்டும். உன்னப் புடிச்சுப்போச்சுன்னா வேல எதுக்கு? புடிக்கலன்னா அவங்க எதுக்கு? யோசிச்சுக்க."

சித்தி யோசித்தாள். சாவிக் கொத்தை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். இடம் அமைந்தால் விருதுநகர். அமையாவிட்டால் வேலையும் இல்லை, விருதுநகரும் இல்லை.

மாப்பிள்ளை, அப்பா, அம்மா, தாய்மாமா என்று நாலு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வாசலில் வேன் வந்து நின்றது. பதினாலு பேர் இறங்கினார்கள். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் யாரோ ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியிருக்கிறார், வேனின் பக்கவாட்டில் கோடு கோடாக இட்லி வழிந்து காய்ந்திருந்தது. கதவு திறந்ததும் வந்த நாற்றத்தில் எங்கள் பூனை மூன்று நாளைக்கு வீட்டை விட்டு ஓடிப்போனது. அறிவுள்ள பூனை.

அம்மா கண்ணாலேயே துழாவினாள். "மாப்ள எங்க மதினி?"

மாப்பிள்ளையின் அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டே, "அவனுக்கு மில்லுல லீவு குடுக்கல மதினி. நாங்க பாத்தா அவன் பாத்த மாதிரிதான். ஒரு வாளி தண்ணி வேணுமே, வேனக் கழுவணும்னு டிரைவர் சொல்றாரு" என்றாள்.

மே மாதம் எங்கள் தெருவுக்கு வாரம் ஒரு தடவைதான் தண்ணீர் வரும். அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டு சித்திதான் போனாள். புதுச் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, தன்னைப் பெண் பார்க்க வந்தவர்களின் வாந்தியைத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்தாள். தாய்மாமா சௌந்தரபாண்டி ஜன்னலோரம் நின்று பல் குத்திக்கொண்டே, "பொண்ணு வேலைக்கு அஞ்சாது போல" என்றார். பாராட்டாம்.

இரண்டு நாளில் எங்கள் வீடு லாட்ஜ் ஆனது. நானும் அப்பாவும் சமையலறையில் படுத்தோம். அப்பா சீசனுக்கு ஜீப் ஓட்டுகிறவர், விடியுமுன் கிளம்பித் தப்பித்துவிட்டார். எனக்கு அந்த வழி இல்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா காலையில் தொண்டைக்குள் விரலை விட்டு ஓங்கரிக்கிற சத்தத்தில் சுவரில் இருந்த பல்லி விழுந்தது. வெட்டிய நகங்கள் காப்பி டம்ளருக்குள் கிடந்தன. யாரோ ஒரு பெண்மணி தலை வாரி, உதிர்ந்த முடியைச் சுருட்டி, எச்சில் துப்பி, அழகாகச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். கக்கூஸைப் பற்றி எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் இந்தக் கதையைக் கீழே வைத்துவிடுவீர்கள்.

"பொண்ண எப்ப அத்தே பாக்கப் போறீக?" என்று நான் கேட்டேன்.

"வீட்டுக்குள்ள என்னத்தப் பாக்குறது, இருட்டு. ஏரிக்கரையில வச்சுப் பாத்துக்குவோம். ரெண்டும் ஒண்ணா முடிஞ்சிரும்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

அப்படித்தான் உலகத்திலேயே முதல் தடவையாக ஒரு பெண், பட்டுச்சேலை கட்டி, தலையில் மல்லிகை வைத்து, ஒரு கையில் பஜ்ஜித் தூக்கும் இன்னொரு கையில் காப்பி பிளாஸ்க்கும் தூக்கிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்களின் பின்னால் ஏரியைச் சுற்றி நடந்தாள். குதிரைச் சாணம் நசுங்கிக் கிடக்கிற ரோடு. பட்டின் கரை பச்சையாகிவிட்டது. அவர்கள் பஜ்ஜி தின்ற எண்ணெய்க் கையை ஏரித் தண்ணீரில் கழுவி, பேப்பரை அங்கேயே மிதக்கவிட்டார்கள். குடும்பமாக நின்று போட்டோ எடுக்க வேண்டும் என்றார்கள். போனைச் சித்தியிடம் கொடுத்தார்கள்.

"எல்லாரும் வர்ற மாதிரி எடும்மா."

எடுத்தாள். எல்லாரும் வந்தார்கள். அவளைத் தவிர.

பெரியவர்கள் துடுப்புப் படகில் போனார்கள். மிதி படகில் யாழினி என்கிற ஆறு வயதுக் குட்டியை என்னோடு ஏற்றிவிட்டார்கள். அவள் காலுக்கு மிதி எட்டவில்லை. நான் மிதித்தேன், அவள் சோளக்கதிரைக் கடித்துத் துப்பினாள்.

"எங்க சித்திய உனக்குப் புடிச்சிருக்கா?" என்று சும்மா கேட்டேன்.

"பஜ்ஜி அத்தையா? புடிச்சிருக்கு. ஆனா புது அத்த செவப்பு."

"எந்தப் புது அத்த?"

"குணா மாமா கட்டிக்கப் போற அத்த. சாத்தூர்ல. அன்னைக்கு மோதிரம் போட்டாங்கல்ல, நான் மூணு லட்டு தின்னேன்." சோளத்தை எனக்கு நீட்டினாள். "நீங்களும் கல்யாணத்துக்கு வருவீங்களா?"

ஏரியின் நடுவில் மிதிப்பதை நிறுத்திவிட்டேன். படகு தானாக மெல்லச் சுற்றியது. கரையில் சித்தி தெரிந்தாள். கல் பெஞ்சில் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, சேலைக் கரையில் இருந்த சாணத்தை ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். இவர்களுக்காக.

அன்று சாயங்காலம் அடுப்படியில் சித்தி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் அப்படியே சொல்லிவிட்டேன். அவள் கை கொஞ்ச நேரம் மாவுக்குள்ளேயே இருந்தது.

"சாத்தூரா?" என்றாள்.

"ஆமா."

"நிச்சயம் முடிஞ்சிருச்சா?"

"லட்டு தின்னுச்சாம் அந்தப் பிள்ள. பொய் சொல்லத் தெரியாத வயசு சித்தி."

"வேன்ல அவரு இல்லங்கும்போதே தோணுச்சுடா" என்றாள். 'அவரு' என்று சொன்னதைக் கேட்டதும் எனக்கு எதையாவது உடைக்க வேண்டும் போல இருந்தது. கையைக் கழுவினாள். தலையில் இருந்த மல்லிகையை எடுத்து, முள்ளங்கி அரிந்து வைத்த கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்புறம் மாவைத் தொடர்ந்து கரைத்தாள். பதினாலு பேருக்கும் இரவுச் சாப்பாடு ஆக வேண்டுமே.

நான் நல்லவன் இல்லை. மறுநாள் காலையில் தாய்மாமா சௌந்தரபாண்டியிடம், யூகலிப்டஸ் தைலத்தைக் குளிக்கிற தண்ணீரில் அரைப் பாட்டில் ஊற்றினால் இடுப்பு வலி போகும், மலைக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வோம் என்று சொன்னேன். ஊற்றிக்கொண்டார். எந்தெந்த இடத்தில் எரிந்தது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் வேன் புறப்படும்வரை அவர் உட்காரவில்லை.

புறப்படுகிற நேரம். பைகள் ஏறிவிட்டன, என்ஜின் ஓடுகிறது. மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவின் கையைப் பிடித்து, "ஊருக்குப் போயி கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம் மதினி" என்றாள். அம்மாவும் தலையாட்டினாள். அம்மாவுக்கு நாங்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

அப்போது சித்தி வெளியே வந்தாள். பட்டு இல்லை. பழைய சேலை, அதற்கு மேல் இன்னும் திருப்பிக் கொடுக்காத லாட்ஜின் நீலக் கோட்டு. நேராக வேன் வாசலில் நின்றாள்.

"ரூம் செக் பண்ணணும் மேடம். ரெண்டு நிமிசம்."

காலையில்தான் அந்த அம்மாளை அத்தை என்று கூப்பிட்டவள். மேடம் என்றதும் வேனுக்குள் பேச்சு நின்றது. "என்னம்மா இது வெளையாட்டு" என்றார் தாய்மாமா, நின்றபடியே.

"எல்லா இடத்துலயும் உள்ள ரூல்ஸ்தான் சார். பை எல்லாம் கொஞ்சம் தொறங்க."

குரல் உயரவே இல்லை. லாட்ஜில் தினம் சொல்கிற அதே குரல். அந்தக் குரலுக்கு ஆட்கள் பை திறந்துவிடுகிறார்கள், ஏன் என்றே தெரியாமல். முதல் பையில் எங்கள் கம்பளி. இரண்டாவதில் அம்மாவின் மலைப்பூண்டு, கட்டோடு. அப்புறம் துண்டுகள், ஒரு குளியல் சொம்பு, பாதி தைலப் பாட்டில். சித்தி ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தாள். என் கை நிறைந்ததும் அம்மாவின் கையில்.

"குழந்தைங்க எடுத்து வச்சிருக்கும்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"வச்சிருக்கும் மேடம். நாலா மடிச்சு வச்சிருக்கு." கம்பளியைத் தட்டினாள். "சாத்தூர்க்காரங்ககிட்டச் சொல்லுங்க, மாப்ள வீட்ல எல்லாரும் நல்லா சாப்பிடுறாகன்னு."

அம்மா கையிலிருந்து சொம்பு விழுந்தது. வேனுக்குள் ஒருவரும் யாரையும் பார்க்கவில்லை. கடைசியில் சௌந்தரபாண்டிதான் கதவைப் பிடித்தபடி சொன்னார். வெட்கப்பட்டுக் கூடச் சொல்லவில்லை, நியாயம் சொல்கிற மாதிரி சொன்னார்.

"நிச்சயத்துக்கு முன்னாடியே வேனுக்குச் சொல்லி வச்சாச்சும்மா. பிள்ளைகளும் ஏரி பாக்கணும்னு ஆசப்பட்டுச்சு. அதான்."

வேன் போனது. முதல் வளைவிலேயே ஒரு தலை ஜன்னலுக்கு வெளியே வந்தது. அதைப் பார்த்தும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா அழ ஆரம்பித்தாள். சித்தி கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "வாடா, தொணைக்கு" என்றாள். லாட்ஜுக்கு நடந்தோம். தங்கப்பன் உள்ளே விடமாட்டார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கேட்டுப் பார்க்கத்தான் போனோம்.

வரவேற்பு மேசையில் தங்கப்பன் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு நின்றார். இரண்டு நாளைக்கு முன் வேலைக்கு எடுத்த பெண் அப்போதுதான் வாளியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். கல்லூரிப் பையன்கள் எட்டுப் பேர் மேல்மாடி அறையில் பிறந்தநாள் கொண்டாடிவிட்டுப் போயிருந்தார்கள். நாற்றம் படியிறங்கி ஒரு ஆள் மாதிரி வந்துகொண்டிருந்தது. சாயங்காலம் அந்த அறைக்கு வேறு குடும்பம் வருகிறது.

தங்கப்பன் சித்தியைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார்.

"லீவு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார்."

"புடிச்சுதாமா?"

"எனக்குப் புடிக்கல சார்" என்றாள் சித்தி. கையை நீட்டினாள். அவர் ஜூன் மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் சாவிக் கொத்தை அதில் வைத்தார்.

அந்த அறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேக் சுவரில் இருந்தது. பிரியாணி குளியலறைச் சாக்கடையில் இருந்தது. பிரியாணியாக இல்லாமல் போனது மெத்தையில் இருந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சித்தி முந்தானையை மூக்கில் கட்டி, ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டு, மெத்தையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் நின்றாள். முதுகைத்தான் பார்த்தேன். வாளியை எடுத்து நானே தேய்க்க ஆரம்பித்தேன். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு மெத்தை விரிப்பை உருவினாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் போன் அடித்தது. தரகர். அவர் குரல் எப்போதும் அறைக்கே கேட்கும்.

"சுருளி, விருதுநகர விடும்மா. அருப்புக்கோட்டையில ஒரு இடம் இருக்கு. மே கடைசியில வரலாமான்னு கேக்குறாங்க. ஆறேழு பேருதான்."

சித்தி கையுறையோடு போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"ஐப்பசியில வரச் சொல்லுங்கண்ணே."

"ஐப்பசியா? அப்ப விடாத மழையாச்சேம்மா. ஏரிகூடத் தெரியாது. குளிருமே."

"ஆமாண்ணே" என்றாள் சித்தி. "ரொம்பக் குளிரும்."