நத்தைக்கு எத்தனை பல்

பல் டாக்டரிடம் இருபத்திரண்டு வருஷமாக உதவியாளராக இருப்பவள், வேலையை விடுகிறேன் என்று சொல்ல எத்தனை நாள் ஆகும்? இவளுக்கு மூன்று வாரம் ஆகியும் முடியவில்லை. பயம் காரணமில்லை. அந்த மனுஷர் வாயை மூடினால்தானே சொல்வதற்கு.

எல்லோரும் இவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், டாக்டர் உட்பட. ஒரு ஆளை அனுப்பிவிட்டு அடுத்த ஆள் வருவதற்குள் டாக்டருக்குப் பத்து நிமிஷம் கிடைக்கும். உள்ளறைக் கம்ப்யூட்டரில் இணையக் கலைக்களஞ்சியத்தைத் திறந்துவிடுவார். பல் எனாமலில் ஆரம்பிப்பார். அங்கிருந்து யானை, யானையிலிருந்து யாரும் கேள்விப்படாத ஒரு தீவு, தீவிலிருந்து கலங்கரை விளக்கம். அடுத்த ஆள் நாற்காலியில் சாய்ந்ததும் அத்தனையையும் கொண்டுவந்து கொட்டுவார்.

"தெரியுமா, நத்தைக்கு ஆயிரக்கணக்குல பல்லு. முதலையால நாக்கை வெளியே நீட்டவே முடியாது. வெள்ளி கிரகம் தன்னைத்தானே ஒரு சுத்து சுத்தி முடிக்கிறதுக்குள்ள அதுக்கு ஒரு வருஷமே முடிஞ்சிடும்."

கேட்கிறவர் என்ன செய்வார்? வாய் நிறையப் பஞ்சு, ஒரு ஓரத்தில் எச்சில் உறிஞ்சும் குழாய், மேலே கண்ணைக் கூசும் விளக்கு. எழுந்து ஓடவும் வழியில்லை, போதும் என்று சொல்லவும் வழியில்லை.

சொல்லத்தான் செய்வார்கள். அது சிஸ்டருக்கு மட்டும்தான் புரியும். வேலைக்கு வந்த ஆறாம் மாதமே அந்தப் பாஷை அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. உதடு ஒட்டாமல் தொண்டையிலிருந்து வருகிற ஆவையும் ஊவையும் வைத்தே கழுத்து பிடித்துக்கொண்டதா, ஊசி போட்ட இடம் இன்னும் மரக்கவில்லையா என்று சொல்லிவிடுவாள்.

டாக்டர் கதையை நிறுத்தி, "என்ன சிஸ்டர் சொல்றார்?" என்பார்.

"கொஞ்சம் வலிக்குதாம் டாக்டர்."

அந்த ஆள் சொன்னது, 'ஐயோ உயிர் போகுது, விட்டுடுங்க, பயமா இருக்கு' என்று. அதை அப்படியே ஒப்பித்தால் வேலை நடக்குமா? டாக்டர் இன்னொரு ஊசி போடுவார். நத்தையை விட்ட இடத்திலிருந்து மறுபடி எடுப்பார்.

இதற்கிடையில் சிஸ்டருக்குக் கல்யாணம் ஆனது, பெண் பிறந்தாள், அந்தப் பெண் கல்லூரிக்கும் போய்விட்டாள். தகவல் மட்டும் நின்றபாடில்லை. ஒருநாள் சாப்பிடும்போது இவளே தன்னை மறந்து, "ஆக்டோபஸுக்கு மூணு இதயம், தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டாள். பஸ் ஓட்டுகிற கணவர் சிரித்தார். "உங்க டாக்டர் உனக்கும் தொத்திக்கிட்டாரா?"

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அன்றே முடிவு செய்துவிட்டாள். வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய பல் மருத்துவமனை. தலைமை உதவியாளர் வேலை. அங்கிருக்கும் டாக்டர் அநாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டார் என்று விசாரித்தும் வைத்துக்கொண்டாள். அதற்காகவே போகலாம். ஒண்ணாம் தேதி சேர வேண்டும். வருகிறேன் என்று இன்று சாயங்காலத்துக்குள் அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

இவரிடம் சொல்லாமல் அங்கே சொல்ல மனசு வரவில்லை. "டாக்டர், ஒரு விஷயம் பேசணும்" என்று எத்தனை தடவைதான் ஆரம்பிப்பாள்? "பேசலாம் சிஸ்டர், முதல்ல இதைக் கேளுங்க. பூமியில மரம் வர்றதுக்கு முன்னாடியே சுறா வந்தாச்சு." சரி, வாயால்தானே முடியவில்லை என்று கடிதமாக எழுதி மேஜைமேல் வைத்தாள். மறுநாள் பார்த்தால் அதன் பின்பக்கத்தில் கலங்கரை விளக்கங்களின் உயரத்தைக் குறித்துவைத்திருந்தார். முன்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டாள்.

போதாக்குறைக்கு, ரொம்ப நாளாகச் சொத்தையாக இருந்த அவளுடைய கடைவாய்ப் பல் இன்றைக்கென்று பார்த்து உயிரை வாங்கியது. மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் டாக்டர் அதைப் பிடுங்கிவிடலாம் என்று அவளையே நாற்காலியில் உட்காரவைத்து ஊசி போட்டு, பஞ்சை அடைத்தார். உறிஞ்சுகுழாயை அவளே பிடித்துக்கொண்டாள்.

"யானைக்கு ஆயுசுல ஆறு தடவை கடைவாய்ப் பல் முளைக்கும் சிஸ்டர். ஒண்ணு தேயத் தேய அடுத்தது வரும். ஆறாவதும் தேஞ்சுடுச்சுன்னா..."

அவளுக்குப் பொறுக்கவில்லை. இவருக்குத்தான் புரியாதே என்ற தைரியத்தில், வாயை அகலத் திறந்தபடியே மூன்று வாரத்தையும் கொட்டித் தீர்த்தாள். உங்க யானையும் வேணாம் பூனையும் வேணாம், கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு, நான் வேற இடம் பாத்துட்டேன், ஒண்ணாம் தேதியிலேர்ந்து வரமாட்டேன். வெளியே வந்ததெல்லாம் ஆவும் ஊவும்தான்.

டாக்டரின் கை நின்றது.

"எந்த இடம்?" என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பஞ்சைத் துப்பினாள். "நான் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"புரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடியிலேர்ந்தே."

"அப்ப எதுக்கு இத்தனை வருஷமா என்னைக் கேட்டுக்கிட்டே இருந்தீங்க?" மரத்த நாக்கு குழறியது, கோபம் குழறவில்லை.

டாக்டர் குறடைத் தட்டில் வைத்தார். "உயிர் போகுதுன்னு அவங்க சொல்வாங்க. கொஞ்சம் வலிக்குதாம்னு நீங்க சொல்வீங்க. அப்படிக் கேட்டாத்தான் என்னால பல்லுல கை வைக்க முடியும். நான் பேசிக்கிட்டே இருக்கிறதும் அதுக்குத்தான். அவங்க குரல் எனக்குக் கேட்கக் கூடாது."

இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா இந்த மனுஷர்? அவளுக்கு எரிச்சலும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. ஆனாலும் எடுத்த முடிவு எடுத்ததுதான்.

"ஒண்ணாம் தேதி போறேன் டாக்டர்" என்று இந்த முறை திருத்தமாகச் சொன்னாள்.

அவர் தலையாட்டினார். புதுப் பஞ்சு வைத்தார். வேலையை ஆரம்பித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

குறடு பல்லைக் கவ்வுவதும், வேர் தாடைக்குள் நெரிந்து அசைவதும் அவளுக்கு ஒன்றுவிடாமல் கேட்டது. இதில் இவ்வளவு சத்தம் இருக்கிறது என்று இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றும் அவளுக்குத் தெரியாது. பயமாக இருந்தது. ஏதாவது சொல்லுங்க டாக்டர் என்று பஞ்சுக்குள்ளிருந்து கெஞ்சினாள்.

அவர் யோசித்துப் பார்த்தார்.

"ஒண்ணும் தோணலை சிஸ்டர்" என்றார். குறடு பிடித்த கை நடுங்கிக்கொண்டிருந்தது.