நல்லா உழைக்கும்

என் அண்ணி இருபத்திரண்டு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறாள். பேச்சுக்குச் சொல்லவில்லை. வீட்டுச் சாமான் விற்கும் பெரிய கடையொன்றின் இரண்டாவது மாடியில், நாலாம் வரிசையில் அவளுக்கு வேலை. துணி துவைக்கும் மிஷின்கள் இருப்பது அந்த வரிசையில்தான். நேர் எதிரே ஐந்தாம் வரிசை, நாற்காலிகள். சாய்கிறது, சுழல்கிறது, கால் நீட்டிக்கொள்கிறது என்று எண்ணினால் நாற்பது தேறும். வாங்க வருகிறவர்கள் எதில் வேண்டுமானாலும், எத்தனை நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். விற்கிறவர்கள் உட்காரக் கூடாது. கடையின் சட்டம் அது. நாள் முழுக்க அந்த நாற்பதையும் பார்த்துக்கொண்டே நிற்க எவ்வளவு பொறுமை வேண்டும்? நானாக இருந்தால் முதல் வாரமே ஒன்றைத் தூக்கி சூப்பர்வைசர் தலையில் போட்டிருப்பேன்.

நான் அவளுக்கு நாத்தனார். அண்ணன் வீட்டோடு இருக்கிறேன். முன்னறையில் தையல் மிஷின் போட்டுப் பள்ளிச் சட்டைகளும் திரைச்சீலைகளும் தைக்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று தெருவுக்கே தெரியும். அண்ணிக்கும் எனக்கும் ஆகாது என்று ஆரம்பத்தில் பலர் ஆவலாகக் காத்திருந்தார்கள். பாவம், ஏமாந்துபோனார்கள். சண்டை போட அவளுக்கு நேரமில்லை.

விற்கத் தெரியாதவள் என்றுதான் கடையில் முதலில் அவளைச் சொன்னார்களாம். பதினாறு பட்டன் வைத்த மிஷினை ஆசையாகத் தடவிக்கொண்டிருந்த ஒருவரிடம், "இதுல நீங்க ஒண்ணே ஒண்ணத்தான் சார் அமுக்கப் போறீங்க. மத்த பதினஞ்சும் தண்டம்" என்று சொல்லி, பாதி விலையில் இருந்ததைக் காட்டினாளாம். சூப்பர்வைசருக்கு வயிற்றெரிச்சல். ஆனால் அந்த மனிதர் அடுத்த மாதம் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தார். தங்கை தன் ஓரகத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "நாலாம் வரிசை அம்மா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே படியேறி வருகிற குடும்பங்கள் இன்றைக்கும் உண்டு. எட்டு வருஷம் முன்னால் வாங்கியதைப் பற்றிப் பிள்ளையின் மார்க்கைச் சொல்வதுபோல வந்து சொல்வார்கள். "இன்னும் உழைக்குதும்மா" என்பார்கள். அண்ணிக்கு அந்த ஒரு வார்த்தை போதும். ஒரு சாமானை அழகு என்றோ உசத்தி என்றோ அவள் சொல்லி நான் கேட்டதில்லை. நல்லா உழைக்கும் என்பாள், இல்லையென்றால் உழைக்காது என்பாள்.

விற்பதற்கு அவளிடம் ஒரு கேள்வி உண்டு. ஜோடியாக வருகிறவர்களில் பணப்பை யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் கேட்பாள். "வீட்டுல துணி துவைக்கிறது யாரு?" பணப்பைக்காரர் திரும்பிப் பின்னால் நிற்கிறவளைப் பார்ப்பார். அண்ணி உடனே அவளிடம் போய்விடுவாள், அதற்குப் பிறகு பேச்செல்லாம் அவளோடுதான். கடைசியில் பில் போடும்போது ஒரு புத்திமதி. "ஓயாம ஓட்டாதீங்க. வாரத்துல ஒரு நாள் மூடியத் தெறந்துபோட்டு அப்படியே விட்டுடுங்க. ஓய்வு குடுத்தாத்தான் எதுவும் உழைக்கும்."

வேலை செய்கிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு சாமான் பாதி விலைக்குக் கிடைக்கும். அதற்கு ஒரு விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுக்க வேண்டும், ஒரே ஒரு பொருள். முதல் வருஷம் குக்கர் வந்தது. அது இன்றைக்கும் விசிலடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவது வருஷம் என் தையல் மிஷினுக்கு மோட்டார். அதுவரை காலால் மிதித்துத்தான் தைத்தேன், சாயங்காலம் ஆனால் முழங்கால் கழன்று விழும். மோட்டார் வந்த பிறகு ஒரு சட்டை தைக்கிற நேரத்தில் இரண்டு தைத்தேன். எனக்குச் சோறு போடுவது அதுதான். எங்கள் அம்மாவுக்குக் குளிரில் வைக்கவேண்டிய மருந்து எழுதிக்கொடுத்தபோது ஃப்ரிட்ஜ் வந்தது. அம்மா போய்விட்டாள், ஃப்ரிட்ஜ் ஓடுகிறது. அண்ணன் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்த வருஷம் நல்ல மெத்தை வந்தது. அண்ணன் மகளுக்கு மேஜையும் விளக்கும் வந்தன, ஒரே வருஷத்தில் இல்லை, மேஜை ஒரு வருஷம், விளக்கு மறு வருஷம். அவள் அதில் படித்துத்தான் வெளியூர்க் கல்லூரிக்குப் போனாள். அண்ணி வாங்கியதில் ஒன்றுகூடச் சோடை போனதில்லை. அண்ணனும் ஒருமுறை சொந்தமாக யோசித்து ஒன்று வாங்கினான். உடற்பயிற்சி சைக்கிள். இப்போது அதில் துண்டு காயப்போடுகிறோம்.

அண்ணன் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன். எதைக் கண்டாலும் திறப்பான், எதையும் மூடியதில்லை. ஆறு வருஷத்துக்கு முன் எங்கள் பழைய துவைக்கிற மிஷின் நின்றுபோனது. ஆளைக் கூப்பிடலாம் என்றதற்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் எதுக்கு இருக்கேன்?" என்று திறந்தான். பாதி உறுப்புகள் படிக்கட்டுக்கு அடியில் இருக்கின்றன. உள்ளே சுழலும் உருளை மட்டும் குளியலறைக்கு வந்துவிட்டது. அதைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துதான் அண்ணி விடிகாலையில் எல்லோர் துணியையும் கையால் துவைக்கிறாள். நான் துவைக்கிறேன் என்றால் விடமாட்டாள். "உன் கை ஊறிப்போனா ஊசி பிடிக்க முடியாது" என்பாள். அவள் நாளில் நிம்மதியாக உட்காருகிற ஒரே இடம் அந்த உருளை. எப்போது சரி பண்ணுவாய் என்று கேட்டால் அண்ணன், "அடுத்த ஞாயிறு" என்பான்.

போன மாதம் அண்ணியின் காலைத் தற்செயலாகப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே நரம்புகள் நீலமாகப் புடைத்து, ஒரு இடத்தில் தோல் கறுத்து மினுமினுவென்று இருந்தது. இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். டாக்டரம்மா அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது புண்ணாச்சுன்னா சீக்கிரத்துல ஆறாது. கடையில நிக்கறத விடுங்க, இல்ல வீட்டுல குனிஞ்சு துவைக்கறத விடுங்க. ரெண்டும் சேர்ந்து இந்தக் கால் தாங்காது." மகள் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, அதுவரை வேலையை விட முடியாது. அப்படியென்றால் வீட்டுத் துவைப்பு நின்றாக வேண்டும். இந்த வருஷப் பாரத்தில் துவைக்கிற மிஷின் எழுதுகிறேன் என்று அண்ணி என் தலையில் கைவைத்துச் சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் காலையில், கடையில் போடுகிற சீருடைக் கோட்டில் பட்டன் தைக்கச் சொல்லிவிட்டு, வேறு கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். அந்தக் கோட்டின் பையைத் துழாவினேன். பாரத்தின் நகல் இருந்தது. பொருள் என்ற இடத்தில் மணி மணியான கையெழுத்தில், தையலுக்கான பெரிதாக்கிக் காட்டும் விளக்கு, ஒன்று.

அதற்கு முந்தின வாரம் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் நான் சலித்துக்கொண்டதைக் கேட்டிருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பட்டனைக் கோணலாகத் தைத்துவிட்டேன். மாற்றி எழுத அன்று மாலை ஐந்து மணிதான் கெடு என்று நகலிலேயே போட்டிருந்தது. ஊறப்போட்டிருந்த துணிகளைப் பிழிந்து ஒரு பையில் திணித்தேன். நம்பிக்கையில்லாதவர்கள் சொந்த அழுக்குத் துணியோடு வந்து ஓட்டிப் பார்க்கலாம் என்று அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பையோடு நேராகப் பட்டறைக்குப் போனேன்.

"அண்ணா, கிளம்பு. மிஷின் வாங்கணும்."

"அதான் நான் சரி பண்றேன்னு..."

"ஆறு வருஷமா உனக்கு ஞாயித்துக்கிழமையே வரலையா?"

பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

நாங்கள் மாடியேறியபோது மணி மூன்று. அண்ணி குனிந்து ஒரு மிஷினின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின் மேல் வைத்து, கொஞ்ச நேரம் கழித்து மாற்றிக்கொண்டாள். அண்ணன் முன்னால் போய் நின்று தொண்டையைக் கனைத்தான். அவள் நிமிரக்கூட இல்லை. அவன் சட்டைப் பட்டன் வரைக்கும்தான் பார்வை வந்தது.

"வாங்க சார். வீட்டுல எத்தனை பேரு?"

கிண்டல் செய்கிறாள் என்று நான் நினைத்தேன். இல்லை, குரலில் அசதியைத் தவிர ஒன்றும் இல்லை. ஆளை அடையாளம் தெரியவில்லை அவளுக்கு. அண்ணனும் வாடிக்கையாளன் மாதிரியே, "மூணு பேரு" என்றான்.

"துணி துவைக்கிறது யாரு சார்?"

அவன் கழுத்தைத் திருப்பினான். திரும்பிப் பார்க்க அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை, நான்தான் பையோடு நின்றேன்.

"யாரு சார் துவைக்கிறா?"

"நீதான்" என்றான்.

அண்ணி நிமிர்ந்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. "என்னங்க, புள்ளைக்கு ஏதாவது..." என்று அவன் கையைப் பிடித்தாள்.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான்" என்று நகலை அவள் முன்னால் ஆட்டினேன். "இது என்ன அண்ணி? என் தலையில கைய வச்சுத்தானே சொன்னீங்க?"

"மெதுவாப் பேசும்மா, கடை" என்றாள். "கண்ணு தெரியலன்னா உன் தொழில் என்ன ஆகும்?"

"காலு போனா உங்க தொழில் என்ன ஆகும்? நூல் கோர்க்கிறதுக்கு இதோ உங்க புருஷன் இருக்கான். தினமும் பத்து ஊசி கோர்த்து வச்சிட்டுப் பட்டறைக்குப் போகட்டும்."

"அவரு சரி பண்ணித் தரேன்னு சொல்லியிருக்காரு" என்று அண்ணி அவனைப் பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரத்திலும் அவன் முகம் வாடிவிடக் கூடாது அவளுக்கு.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அது தேறாது. தெறந்த மூணாவது மாசமே தெரிஞ்சுபோச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

நான் பையை ஓங்கிவிட்டேன். அவன் தலையில் ஈரத்துணியோடு அடித்திருப்பேன். அதற்குள் அண்ணி, "எனக்கும் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அந்த மாடல நிறுத்தியே ஏழு வருஷம் ஆச்சுங்க. அதுக்கு பெல்ட்டே வர்றதில்ல. இதே வரிசையில நிக்கிறேன், எனக்குத் தெரியாதா? நீங்க ஆசையாத் தெறந்து வச்சிருந்தீங்க. விடுன்னு சொல்ல மனசு வரல."

ஆறு வருஷம். இவனுக்கு வெட்கம், அவளுக்கு மனசு வரவில்லை. நடுவில் அந்தக் கால் கறுத்துப்போனது. எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது. அண்ணன் அவள் கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவள் கையில் கொடுத்தான். "மாத்தி எழுது" என்றான். அவள் எழுதினாள். அதிலும் பட்டன் குறைந்ததாகப் பார்த்துத்தான் எழுதினாள்.

"ஓட்டிப் பாத்துத்தான் எடுப்போம்" என்று நான் பையைக் கவிழ்த்தேன். அண்ணனின் கிரீஸ் படிந்த சட்டைகள் உள்ளே போயின. நாற்பத்திரண்டு நிமிஷம் என்று காட்டியது. எதிர் வரிசையிலிருந்து சாய்கிற நாற்காலி ஒன்றை இழுத்து வந்து அண்ணிக்குப் பின்னால் போட்டேன்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "ஸ்டாஃப் உக்காரக் கூடாதும்மா."

"இவங்க இப்ப ஸ்டாஃப் இல்ல சார். வாங்க வந்தவங்க. பாரத்துல வாங்குறவர் பேரு யாருதுன்னு படிச்சுப் பாருங்க."

அவர் படித்தார். அண்ணியின் காலைப் பார்த்தார். சூப்பர்வைசர் ஆவதற்கு முன்னால் அவரும் பத்து வருஷம் அந்த மாடியில் நின்றவர்தான். "மிஷின் நிக்கிற வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டு அடுப்பு வரிசைப் பக்கம் போனார்.

அண்ணிக்கு உட்காரத் தெரியவில்லை. நாற்காலியின் விளிம்பில், கூப்பிட்டால் எழுந்துவிடுகிற மாதிரி ஒண்டியிருந்தாள். "சாஞ்சுக்கோங்க அண்ணி" என்று தோளைப் பிடித்து அழுத்தினேன். முதுகு பட்டதும் ஒரு பெருமூச்சு வந்தது. "இது நல்ல நாற்காலிம்மா, உழைக்கும்" என்றாள். ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. துடைக்கிற துணி கையிலேயே இருந்தது.

மிஷின் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. கடைசி நிமிஷம் ஓடும்போது சூப்பர்வைசர் தூரத்திலிருந்து கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. அண்ணனும் பார்த்துவிட்டான். முடிந்ததற்கான மணி முதல் சத்தம் போட்ட உடனேயே அதை அணைத்தான். மூடியைத் திறந்து தன் சட்டையை எடுத்துப் பார்த்தான். பளிச்சென்று இருந்தது. அதைத் திரும்ப உள்ளே போட்டு மூடிவிட்டு, சத்தமில்லாமல் பட்டனை அமுக்கினான்.

துவைத்த துணியையே மிஷின் மறுபடியும் துவைக்கத் தொடங்கியது. இன்னொரு நாற்பத்திரண்டு நிமிஷம். அண்ணன் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.