வெளியே வந்தது முப்பத்தெட்டு

முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து மேங் உன்சோலுக்கு இது ஏழாவது வருடம். தென்கொரியாவின் தேஜோன் நகரில் அந்த ஆய்வகத்தில் அவளுக்குப் பின்னால் வந்த மூன்று பேர் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். கரியமில வாயுவை மின்சாரத்தால் கார்பன் மோனாக்சைடாக மாற்றும் உலையைக் கணினியில் கணக்காக எழுதுவது அவள் வேலை. நிஜ உலையை ஓட்டி அளந்தவர் மூத்தவர் பியோ ஜின்க்யு. கொடுக்கும் மின்சாரத்தில் தொண்ணூறு சதவீதம் பலனாகிறது என்று கட்டுரை எழுதி, அதை வைத்தே வேறொரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகிவிட்டார். அவளுடைய கணக்கோ அறுபத்தெட்டைத் தாண்ட மறுத்தது.

திங்கள்தோறும் கூட்டத்தில் அவளுடைய வழிகாட்டியான பேராசிரியர் தாக் அவளை நிற்கவைத்து அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லச் சொல்வார். மற்றவர்கள் சிரிக்கும்வரை காத்திருப்பார்.

“உலை நல்லாத்தான் ஓடுது. உன் மூளைதான் ஓட மாட்டேங்குது.”

அந்த வசந்தத்தில் அவளே உலை முன் போய் நின்றாள். வாயுவின் ஓட்டத்தை அளக்கும் மீட்டர் உள்ளே போகும் குழாயில் மட்டுமே இருந்தது. போகிற அளவே வெளியேயும் வருகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். ஆனால் உலைக்குள் இருக்கும் காரத் திரவம் வாயுவில் ஒரு பங்கை விழுங்கிவிடும். சோப்புக் குமிழிக் குழாய் ஒன்றை வெளிப்பக்கம் மாட்டி அளந்தாள். நிமிடத்துக்கு உள்ளே ஐம்பது மில்லி, வெளியே முப்பத்தெட்டு. அதை வைத்துப் போட்டால் பலன் அறுபத்தெட்டுதான்.

திங்களன்று அதைச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. தாக் மற்றவர்களை வெளியே அனுப்பினார்.

“பியோ கட்டுரையில உன் பேரும் இருக்கில்ல?”

“இருக்கு சார்.”

“அப்ப பொய் சொன்னதுல நீயும் ஒரு ஆளு. பட்டம் வேணுமா, முப்பத்தெட்டு வேணுமா?”

குழாயைக் கழற்றிக் கழுவி வைத்தாள். தன் கணக்கில், திரவம் வாயுவை விழுங்கும் வேகத்துக்கான எண்ணை இருபதில் ஒரு பங்காகக் குறைத்தாள். கணினி தொண்ணூறு என்றது. அளவீடும் கணக்கும் இவ்வளவு ஒட்டி வருவது அபூர்வம் என்று தேர்வுக் குழு பாராட்டியது.

பட்ட விருந்துக்குப் பன்றி இறைச்சி வாட்டும் கடையில் கூடினார்கள். பியோவும் வந்திருந்தார். அவள் கோப்பையில் சோஜு மதுவை ஊற்றியபடி, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் பேசினார்.

“வெளிப்பக்கம் நானும் அளந்தேன்மா. எனக்கும் முப்பத்தெட்டுதான்.”

“எப்பண்ணா?”

“நீ சேர்ந்த வருஷமே. சீக்கிரம் கண்டுபிடிச்சிடுவியோன்னு பயந்தேன். நீ பாவம், ஏழு வருஷம் எடுத்துக்கிட்டே.”

மூத்தவர் ஊற்றியதாயிற்றே. மரியாதை வழக்கப்படி இரண்டு கைகளாலும் கோப்பையைப் பிடித்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் குடித்தாள். பிறகு பாட்டிலை எடுத்து அவர் கோப்பையை நிரப்பினாள்.