பசை வைத்து ஒட்டிய கட்டில்

டேப்பின் ஒரு முனையை அலுமாரியின் காலுக்கடியில் செருகிவிட்டு, மறுமுனையை இழுத்தபடி எதிர்ச்சுவர் வரைக்கும் முழங்காலில் நகர்கிறார் நவரட்ணராஜா. பத்தடி இரண்டு அங்குலம். சத்தமாக வாசிக்கிறார். பிறகு எழுந்து, இடுப்பில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டு, குறுக்கே அளக்கிறார். ஒன்பதடி. நேற்றும் இதே அளவுதான், முந்தாநாளும் இதே அளவுதான். அம்பிட்டிய மலைச்சரிவில் கட்டிய வீட்டின் கீழ்த்தட்டு அறை ஒரே நாளில் வளர்ந்துவிடுமா என்ன? ஆனாலும் மாலை ஆறு மணிக்கு லைட்டைப் போட்டால் அவருக்கு முதல் வேலை இதுதான்.

அதே வீட்டின் மேல்தட்டில் குடியிருப்பவன் நான். ஹேவாஹெட்டக்காரன், கண்டியில் ஒரு கந்தோரில் வேலை. பஸ்ஸை விட்டு இறங்கி அவர் வாசலைத் தாண்டித்தான் என் படிக்கட்டுக்குப் போகவேண்டும். போகும்போதே, இன்றைக்கு பஸ் எத்தனை நிமிடம் பிந்தியது என்று சொல்லிவிடுவார். பஸ்ஸில் வந்த எனக்குத் தெரியாதது உட்கார்ந்திருந்த அவருக்குத் தெரியும். மலையகப் பாதையில் முப்பத்து நான்கு வருடம் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. தண்ணீர் கொதித்தாலும் மணி பார்க்கிறார், மழை விட்டாலும் மணி பார்க்கிறார். இந்தத் தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான்.

பிறந்தது சாவகச்சேரிப் பக்கம். மனைவி றஞ்சனா கண்டிப் பாடசாலையொன்றில் கணிதம் படிப்பித்ததால் இங்கேயே தங்கிவிட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன் மகளின் பிரசவத்துக்கென்று அந்த அம்மா கனடா போனார். போகும்போது ஆறு மாதம் என்றுதான் பேச்சு. பிறகு குளிர் முடியட்டும் என்றார்கள். அதற்குப் பிறகு இரண்டாவது பிள்ளையும் பிறந்துவிட்டது. இப்போது யாரும் மாதக் கணக்குச் சொல்வதில்லை.

போன வருடம் அப்பாவின் பிறந்தநாளுக்கு மகள் ஒரு பெட்டி அனுப்பிவைத்தாள். உள்ளே ஒரு சின்ன ரயில்: எஞ்சின் ஒன்று, பெட்டி மூன்று, வட்டமாகப் பூட்டுகிற தண்டவாளத் துண்டுகள். மாஸ்டர் முதலில் முகத்தைச் சுளித்தார். “காலம் முழுக்க மேய்ச்ச மாட்டைப் பொம்மையாச் செய்து அனுப்பியிருக்கிறாள்” என்றார். எஞ்சினை மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்து, இதைத் தன் பிளாட்போமில் நிற்கவே விட்டிருக்கமாட்டேன் என்றும் சொன்னார். மறுநாள் மாலை பார்த்தால் மனிதர் தரையில் குப்புறப் படுத்து, தண்டவாள வளைவுக்கு எத்தனை அங்குலம் பிடிக்கும் என்று அளந்துகொண்டிருந்தார். அன்று தொடங்கியதுதான் இந்த வியாதி.

பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பிளான் போடுகிறார். ஓர் அடிக்கு ஓர் அங்குலம். சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் பென்சிலில். அலுமாரி, மேசை, இரண்டு கதிரை, இரண்டு கட்டில் ஆகியவற்றை மட்டையில் அளவாக வெட்டி வைத்திருக்கிறார். தாளின் மேல் அவற்றை இப்படியும் அப்படியும் நகர்த்தி, ரயிலுக்கு இடம் தேடுவார். முதல் சில மாதத்திலேயே பதினேழு பிளான் போட்டுவிட்டார். சுவரோரம் பலகை அடித்தால் அகலம் காணாது, ரயில் முன்னே போய்ப் பின்னே வரலாம், திரும்ப முடியாது. கட்டிலுக்குக் கீழே விட்டால் படுத்துக்கொண்டுதான் பார்க்கவேண்டும். மடித்துத் தூக்கும் பலகை ஜன்னல் கதவில் இடிக்கும். ஒருமுறை கூரையிலிருந்து கயிற்றில் தொங்கவிடுகிற யோசனைகூட வந்தது. எழும்பும்போது தலை அடிபடும் என்று கைவிட்டார்.

நானும் சும்மா இருக்காமல் வாய் கொடுத்தேன். வட்டத்தைச் சின்னதாகப் போட்டு மேசைமேல் ஓடவிட்டால் என்ன என்று கேட்டேன். மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

“சுத்திச் சுத்தி ஓடினா அது ரயிலில்ல தம்பி. வெளிக்கிட்ட இடத்திலயே வந்து நிக்கும், ஒருத்தரையும் கேக்கத் தேவையில்ல. ரண்டு ஸ்டேசன் வேணும்.”

பிறகு எனக்குப் பாடம் நடத்தினார். மலையகத்தில் ஒற்றைத் தண்டவாளம். ஒரு ஸ்டேசனிலிருந்து அடுத்த ஸ்டேசனுக்கு ரயிலை அனுப்புமுன், அங்கே இருப்பவரை மணியடித்துக் கேட்கவேண்டும். அவர் சம்மதித்துப் பதில் மணி அடித்தால்தான் இங்கே இயந்திரத்திலிருந்து ஒரு வட்டத் தகடு வெளியே வரும். அதைப் பிரம்பு வளையத்தில் மாட்டி டிரைவர் கையில் கொடுத்தால்தான் ரயில் நகரும். பதில் வராவிட்டால் நிற்கவேண்டியதுதான். ஒரு மழைநாளில் அப்புறத்திலிருந்து பதிலே இல்லாமல் ஐம்பது நிமிடம் ரயிலை நிறுத்தி வைத்திருந்தாராம். பயணிகள் அவருடைய பரம்பரையையே ஏசினார்களாம். இதைச் சொல்லும்போது மாஸ்டரின் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

இரண்டு ஸ்டேசன் வேண்டுமென்றால் ஆறடிக்கு மூன்றடி பலகை வேண்டும். கட்டுக்கலையில் தச்சு வேலை செய்கிற மூக்கையாவைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். ஜன்னலோரம் இருந்த கட்டிலைக் கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

“இந்தக் கட்டில எடுத்தாத்தானுங்க பலகை நிக்கும். நான் என்ன, சுவத்தத் தள்ளியா வைக்க முடியும்?”

மாஸ்டர் அவருக்குத் தேநீர் கொடுத்து, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.

அது றஞ்சனா அம்மாவின் கட்டில். அதில் ஒரு துவாய்கூடக் கிடந்து நான் கண்டதில்லை. மாஸ்டர் கழுவிய உடுப்பைக் கதிரையில் குவிப்பார், பத்திரிகையைத் தரையில் போடுவார், அந்தக் கட்டிலில் எதையும் வைக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு கட்டிலுக்கும் விரிப்பு மாற்றுவார். ஒன்றில் ஆள் படுப்பதேயில்லை. இருந்தும் இரண்டு விரிப்பும் ஒன்றாகக் கொடியில் காயும்.

அப்போதுதான் பிளான் தாளை நான் சரியாகப் பார்த்தேன். அலுமாரி, மேசை, கதிரை, அவருடைய கட்டில் எல்லாம் குண்டூசியில் நிற்கின்றன, எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாம். ஜன்னலோரக் கட்டிலுக்கு மட்டும் தாளுக்குத் தாள் புது மட்டை வெட்டி, பசை வைத்து ஒட்டியிருந்தார். பதினேழு பிளானிலும் அந்த ஒன்றைச் சுற்றித்தான் ரயில் வழி தேடியிருக்கிறது.

“அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமே மாஸ்டர்” என்றேன்.

அவர் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார்.

“கேட்டா பதில் வரும் தம்பி” என்றார்.

கேட்காமல் எதையும் நகர்த்துகிற மனிதர் இல்லை. கேட்கவும் பயம். இப்படியே இரண்டு மாதம் போயிற்று. இதற்கிடையில் பதினெட்டாவது, பத்தொன்பதாவது பிளான்களும் வந்தன.

போன ஞாயிறு மாலை டேப்பின் முனையைப் பிடிக்க என்னைக் கீழே கூப்பிட்டார். கூப்பிட்டது டேப்புக்கு அல்ல என்று பிறகுதான் விளங்கியது. ஞாயிறு ஏழு மணிக்குக் கனடாவிலிருந்து வீடியோ கோல் வரும். சீனி டின்னில் போனைச் சாய்த்து வைத்து, ஷேர்ட் கொலரைச் சரிசெய்து, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த அம்மா பேசினார். பேரனுக்குப் பல் முளைத்த கதை, பிரஷர் குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்ற விசாரணை, அங்கே குளிர், இங்கே மழை. மாஸ்டர் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“ஒரு விசயம் கேக்கவேணும். மகள் அனுப்பின ரயிலுக்கு இடம் காணாது. உம்மட கட்டில...”

மீதியைச் சொல்லாமல் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

“என்னப்பா, அதை இன்னும் வச்சிருக்கிறியளே?” என்று அந்த அம்மா சிரித்தார். “ஆருக்கும் குடுத்து விடுங்கோ. இனி ஆர் அதில படுக்கப் போகினம்?”

குரலில் கோபமோ கசப்போ இல்லை. பழைய குடையொன்றைப் பற்றிப் பேசுவதைப்போல் இயல்பாகச் சொன்னார். அதற்குள் குழந்தை அழுதது. அடுத்த கிழமை எடுப்பதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மாஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கொப்பியைத் திறந்து, ஏழு பன்னிரண்டு என்று எழுதினார். அடுத்த ஸ்டேசனிலிருந்து சம்மதம் வந்தால் நேரம் எழுதவேண்டும், கை பழகிவிட்டது. அந்த அம்மா மறுத்துவிடுவார், தொடாதேயுங்கோ, நான் வந்து படுக்கவேணும் என்பார் என்று இவர் எதிர்பார்த்திருக்கிறார். மறுத்திருந்தால் இவருக்குச் சுகம், இன்னும் கொஞ்சக் காலம் காத்திருந்திருப்பார். காத்திருப்பது அவருக்குத் தெரிந்த வேலை. சம்மதம் வந்துவிட்டதே, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் கையிலிருந்த டேப்பைச் சுருட்டினேன்.

மூக்கையாவை வியாழக்கிழமை வரச்சொல்லவா என்று மெல்லக் கேட்டேன். தலையை ஆட்டினார். ஆமென்றா இல்லையென்றா என்று எனக்குப் பிடிபடவில்லை.

சவரப் பிளேட் ஒன்றை எடுத்துவந்து மேசையில் குனிந்தார். ஒட்டிய மட்டையின் ஓரத்தில் பிளேட்டைச் செருகி, விரல் நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பினார். பசை நன்றாகப் பிடித்திருந்தது. மட்டையோடு தாளும் சேர்ந்து கிழிந்து வந்தது. பிளானில் ஜன்னலோரம் ஓர் ஓட்டை விழுந்தது.

அவர் அலட்டிக்கொள்ளவில்லை. புதுத் தாள் எடுத்தார். சுவர் கீறினார், கதவு, ஜன்னல் கீறினார். மூலையில் இருபது என்று இலக்கம் போட்டார். அலுமாரியை வைத்துக் குண்டூசி குத்தினார். மேசை, கதிரைகள், தன் கட்டில். எல்லாம் முடிந்து கையில் அந்த ஒன்று மட்டும் மிஞ்சியது. அதன் அடியில் ஒட்டியிருந்த தாள் பிசிறுகளை ஒவ்வொன்றாக உரித்து, ஊதித் துடைத்தார். பிறகு அதை ஜன்னலோரம், பழைய இடத்திலேயே வைத்தார். பசைப் போத்தல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மூடியைத் திறக்கவில்லை, குண்டூசியும் குத்தவில்லை. மேலே சுழன்ற ஃபேன் காற்றில் அது பறந்துவிடாமலிருக்க, ஒற்றை விரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.