குடித்தவருக்குப் படகில்லை

படகு ஓட்டும் தொழிலில் காற்றைவிட அதிகம் பயப்பட வேண்டியது, கரையில் நின்று "கொஞ்சம்தானே போட்டேன்" என்கிறவருக்குத்தான். பஸ், லொறி ஓட்டும் சகோதரர்களே, உங்களுக்கும் இவர்களைத் தெரியும். ஹட்டன் பக்கத்து நீர்த்தேக்கம் ஒன்றில் நான் இயந்திரப் படகு ஓட்டுகிறேன். அணை கட்டியபோது மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்னும் தண்ணீருக்குள் நிற்கின்றன. ஒருமுறை குடித்துவிட்டுப் படகோட்டிய ஒருவர் அதில் ஒன்றில் மோதியதில், ஒரு தாயும் பிள்ளையும் தண்ணீரில் விழுந்தார்கள். நாங்கள்தான் இழுத்துப் போட்டோம். என் படகை ஓட்டுகிறவனும் குடிக்கக்கூடாது, ஏறுகிறவரும் குடித்திருக்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

கொழும்பு விருந்தாளிகள்

கொழும்பிலிருந்து மலைநாடு சுற்றிப் பார்க்க வந்த நாலு இளவட்டங்கள் வந்தார்கள். ஒருவர் கையில் பியர் டின். போட்டோவுக்காகப் படகை அவரே ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். ஏறவே விடமாட்டேன் என்றேன். நுவரெலியாவிலிருந்து இவ்வளவு தூரம் தான்தான் வான் ஓட்டி வந்ததாகவும், இரண்டு டின் உள்ளே போனால்தான் கை நிதானமாக இருக்கும் என்றும் பெருமையடித்தார்.

பின்னால் நின்ற அவருடைய கூட்டாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. மெதுவாக என் காதோரம் வந்தார். "அண்ணே, அந்த வான் சாவியையும் நீங்களே வாங்கி வச்சுக்கிட்டா புண்ணியமாப் போகும்."

முனியாண்டியின் பங்கு

சீசன் தொடங்கும் நாளில் படகுக்குப் பூசை போட்டு, கரையிலிருக்கும் முனியாண்டிக்குச் சாராயம் படைப்பது எங்கள் வழக்கம். பூசாரி ஒரு மூடி ஊற்றி என்னிடம் நீட்டினார். சாமி கொடுத்ததை எப்படி மறுப்பது? ஊருக்கெல்லாம் சட்டம் பேசுகிற நானே வாயில் ஊற்றிக்கொண்டேன்.

இன்ஜின் சாவி டிக்கெட் கொடுக்கும் சுமதியிடம் இருக்கும். கை நீட்டினேன், தரவில்லை. பிரசாதம்தானே என்று பத்துப் பேர் பார்க்கக் குரலை உயர்த்தினேன். வேறு ஓட்டுநரைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டாள். அன்று முழுக்கக் கரையில் கயிறு பிடித்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் சொன்னது இவ்வளவுதான்: "அது பிரசாதம்னு சாமிக்குத் தெரியும். உள்ள நிக்கிற மரக்கட்டைக்குத் தெரியுமாண்ணே?"

மாமனாரின் அஸ்தி

என் மாமனாரைத் தகனம் செய்த மறுநாள், அஸ்தி கரைக்க என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், மண்சட்டியோடு வந்தார். துக்கத்தில் நன்றாகவே போட்டிருந்தார். "இப்ப ஏத்த மாட்டேன் மச்சான். நாளைக்குத் தெளிஞ்சு வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"எங்கப்பாவக் கரைக்க ஒங்ககிட்ட பர்மிட் வாங்கணுமா?" என்று கத்தினார். காரியத்தைத் தடுக்கிறவன் ஒரு மருமகனா என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் அவர் பக்கம் நின்றார்கள். என் மனைவி அழுதுகொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இனி அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்றே நினைத்தேன். மனசு வலித்தது. ஆனாலும் கயிற்றை அவிழ்க்கவில்லை.

மறுநாள் காலை குளித்துவிட்டு, தெளிந்த முகத்தோடு வந்தார். லைப் ஜாக்கெட்டைத் தானே மாட்டிக்கொண்டார். நடுவில் போய்ச் சட்டியைக் கவிழ்க்கக் குனிந்தபோது படகு அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. குடிக்காமல் இருந்தும் தடுமாறிப்போய் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கரையில் இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நேத்து ஏத்தியிருந்தா, அப்பாவோட சேத்து என்னையுமில்ல கரைச்சிட்டு வந்திருப்பீங்க மச்சான்."

இப்போதெல்லாம் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் என் பக்கம் கிளாஸ் வருவதில்லை; "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று மட்டும்தான் சொல்கிறார்கள். அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.